தெருவின் மேல் ஓடும் கம்பி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டி, டியர்போர்ன் என்றொரு நகர் இருக்கிறது. ஹென்றி ஃபோர்டு பிறந்து வளர்ந்த மண் அது. அவருடைய மோட்டார் ஆலைகளில் வேலை தேடி லெபனானிலிருந்தும் யமனிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களும், பின்னாளில் போரினால் இராக்கைவிட்டு வெளியேறியவர்களும் அந்நகரின் முகத்தையே மாற்றியமைத்துவிட்டார்கள். 2020-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க மரபினர். மஸ்ஜித் மினாராக்களும் அரபு எழுத்துப் பெயர்ப்பலகைகளும் அங்கே விருந்தாளிகள் அல்ல, ஊரார்.

இந்நகர் 2008 ஜனவரியில் காம்காஸ்ட் என்னும் மாபெரும் கேபிள் நிறுவனத்தின் மீது ஒரு வழக்குத் தொடுத்தது. வழக்கின் காரணம் கேட்பவருக்கு அற்பமாகத் தோன்றும்: தொலைக்காட்சி அலைவரிசைகளின் எண்கள் மாறுகின்றன என்பதுதான். நகரமன்றக் கூட்டங்கள், பள்ளிக்கூட நிகழ்ச்சிகள், குடிமக்கள் தாமே தயாரித்தளிக்கும் நிகழ்ச்சிகள் ஆகியவை வந்துகொண்டிருந்த அலைவரிசைகளை, வரிசையின் தொடக்கத்தில் இருந்த எண்களிலிருந்து எடுத்து, தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட எண்களுக்கு, அதுவும் டிஜிட்டல் பகுதிக்கு, மாற்றப்போவதாக அந்நிறுவனம் மாநிலமெங்கும் அறிவித்திருந்தது. பழைய அனலாக் இணைப்பு வைத்திருந்தோர் தனியாக ஒரு பெட்டி பொருத்தினாலன்றி அவற்றைக் காண இயலாது. ஜனவரி 15 அன்று மாற்றம் நடைமுறைக்கு வரவிருந்தது. முந்தைய நாள், ஜனவரி 14 அன்று, டெட்ராய்டிலுள்ள கூட்டரசு நீதிமன்றத்தின் நீதிபதி விக்டோரியா ராபர்ட்ஸ் அதற்குத் தற்காலிகத் தடை விதித்தார். அம்மாத இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்றும் இப்பிரச்சினையை எடுத்து விசாரித்தது.

ஒரு நகரம் நீதிமன்றப் படியேறும் அளவுக்கு ஓர் எண்ணில் என்ன இருக்கிறது? இக்கேள்விதான் இக்கட்டுரையின் பொருள். அதற்கு விடை தேடும்போது, நம் ஊர்களின் தெருக்களுக்கு மேலே கடந்த முப்பதாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கேபிள் கம்பியை நாம் எப்படிப் பார்த்தோம், எதற்குப் பயன்படுத்தினோம், எதை இழந்தும் அறியாதிருந்தோம் என்பதையும் பேச வேண்டியிருக்கிறது.

தெருவுக்கான விலை

அமெரிக்காவில் குடிமக்களுக்கென்று கேபிளில் அலைவரிசை ஒதுக்கப்பட்டது எவருடைய தயாளத்தினாலும் அன்று. கேபிள் நிறுவனம் தன் கம்பியை இழுப்பதற்கு நகரத்தின் தெருக்களைத் தோண்ட வேண்டும். நகரத்தின் கம்பங்களில் கட்ட வேண்டும். தெரு பொதுச்சொத்து. பொதுச்சொத்தைப் பயன்படுத்திப் பணம் ஈட்டுபவர் பொதுமக்களுக்கு எதையேனும் திருப்பித் தர வேண்டும் என்ற எளிய நியாயம்தான் இதன் அடிப்படை. அவ்வாறு திருப்பித் தந்தவை இரண்டு. ஒன்று, வருமானத்தில் ஒரு பங்கு. மற்றொன்று, அதே கம்பியில் ஊராருக்கான ஓர் இடம்.

இவ்வெண்ணத்திற்குப் பின்னே ஒரு தீவின் கதை உண்டு. 1967-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள ஃபோகோ என்னும் மீனவத் தீவில் ஒரு முயற்சியை மேற்கொண்டது. வாழ்வாதாரம் நலிந்து, தீவையே காலிசெய்ய வேண்டிய நிலையில் இருந்த மக்களை இயக்குநர் காலின் லோ படமெடுத்தார். எடுத்த படத்தை வெளியுலகுக்குக் காட்டும் முன் அம்மக்களுக்கே காட்டினார். சிதறிக்கிடந்த சிற்றூர்களின் மக்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் திரையில் கண்டு, தங்கள் துன்பம் ஒன்றே என்று உணர்ந்தார்கள். மீனவர் கூட்டுறவு அமைப்பதற்கு அது துணையாயிற்று. கனடாவின் அத்திட்டத்தைச் சில ஆண்டுகள் வழிநடத்திய ஜார்ஜ் ஸ்டோனி என்னும் ஆவணப்பட இயக்குநர் நியூயார்க் திரும்பி, 1971-இல் ரெட் பர்ன்ஸ் என்னும் பெண்மணியோடு சேர்ந்து, கேபிளில் மக்களுக்கு இடம் வேண்டும் என்ற இயக்கத்துக்கு ஒரு மையம் அமைத்தார். அதே ஆண்டு ஜூலையில் மன்ஹாட்டனில் இரண்டு அலைவரிசைகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. வருகிறவர்களுக்கு வரிசைப்படி நேரம். நிகழ்ச்சியைத் தணிக்கை செய்ய நிறுவனத்துக்கு அதிகாரமில்லை.

1972-இல் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் பெரிய நகரங்களின் கேபிள் நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 1979-இல் உச்ச நீதிமன்றம், ஆணையத்துக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை என்று கூறி அவ்விதிகளை நீக்கியது. 1984-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி, கேபிள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யும்போது பொதுமக்கள், கல்வி, அரசாங்கம் ஆகிய மூன்று வகைப் பயன்பாட்டுக்கும் அலைவரிசை கேட்கும் உரிமையை நகரங்களுக்கு வழங்கியது. அவற்றின் உள்ளடக்கத்தில் நிறுவனம் தலையிடலாகாது என்றும், நகரம் பெறும் கட்டணம் கேபிள் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது என்றும் அச்சட்டம் வரையறுத்தது.

ஃபிக்ஹ் நூல்களில் ஒரு தெரு

இந்த நியாயம் நமக்குப் புதிதன்று. நம் கடலோர மத்ரசாக்களில் ஷாஃபிஈ மத்ஹபின் பாடநூலாக ஓதப்பட்டுவரும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில், ஸுல்ஹு பற்றிய பாடத்தில், தெருவைக் குறித்து ஒரு பகுதி வருகிறது. ஹிஜ்ரி 676-இல் மறைந்த அவ்விமாம் கேபிளை அறிந்திருக்க வழியில்லை. ஆனால் தெருவை அறிந்திருந்தார்; தெருவின் மேலிருக்கும் வெளியை நோக்கி மனிதன் கை நீட்டுவான் என்பதையும் அறிந்திருந்தார்.

தெருக்கள் இரு வகை. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறக்கூடிய திறந்த வழி, 'தரீக் நாஃபித்'. அது யாவருக்கும் பொது. மற்றது, முட்டுச்சந்து, அது அதன் உள்ளே வாசல் வைத்திருப்போருக்கு உரியது. திறந்த வழியில் போவோர் வருவோருக்குத் தீங்கு தரும் எதையும் எவரும் செய்யலாகாது. ஒருவர் தம் வீட்டு மாடியிலிருந்து தெருவின் மேல் ஒரு முகப்பை நீட்டலாம். ஆனால் அதன் அடியில் மனிதன் நிமிர்ந்து நடந்து போகக்கூடிய உயரத்தில் அது இருக்க வேண்டும். குதிரை வீரர்களும் வணிகக் கூட்டங்களும் செல்லும் பாதையானால், அம்பாரி கட்டிய ஒட்டகம் இடிபடாமல் செல்லும் உயரம் வேண்டும். முட்டுச்சந்திலோ அவ்வாறு நீட்டுவதற்கு அங்குள்ளோரின் சம்மதம் தேவை.

இவற்றைவிட ஆழமான ஒரு செய்தியும் அங்கே உண்டு. திறந்த வழியின் மேல் முகப்பு நீட்டிக்கொள்வதற்காகப் பொருள் பெற்றுக்கொண்டு உடன்படிக்கை செய்வது கூடாது என்கிறது ஷாஃபிஈ சட்டம். உரையாசிரியர்கள் இதற்குத் தரும் விளக்கத்தின் சாரம் இது: அந்த நீட்டல் தீங்கானதென்றால் பணம் கொடுத்தாலும் அதற்கு அனுமதியில்லை, தீங்கற்றதென்றால் அதற்குப் பணம் வாங்க எவருக்கும் உரிமையில்லை. வழிப்போக்கனின் உரிமை விலைக்குரிய சரக்கு அன்று. அவன் பெயரால் வேறொருவர் அதை விற்றுவிடவும் முடியாது.

அமெரிக்கச் சட்டத்தையும் ஃபிக்ஹையும் ஒன்றென்று காட்டுவது என் நோக்கமன்று. கட்டணமே கூடாது என்று ஃபிக்ஹ் கருதிய இடத்தில் அமெரிக்க நகரம் கட்டணமும் வாங்கியது, அலைவரிசையும் வாங்கியது. ஆனால் எது அழியும், எது நிற்கும் என்பதை அறிய அந்தப் பழைய நூல் தந்த அளவுகோல் இங்கே வியக்கத்தக்க முறையில் பொருந்துகிறது. பணமாகப் பெற்றது நின்றது. வழியாகப் பெற்றது தேய்ந்தது.

வாய் திறந்திருக்க, வாசல் நகர்ந்தது

தேய்வு படிப்படியாக நிகழ்ந்தது. 2005-இல் டெக்சாஸ் மாநிலம், நகரந்தோறும் ஒப்பந்தம் செய்யும் முறையை மாற்றி, மாநில அளவில் ஒரே அனுமதி போதும் என்று சட்டம் இயற்றியது. 2006-இல் கலிபோர்னியாவும் மிச்சிகனும் அவ்வழியில் சென்றன. பிறகு இன்னும் பல மாநிலங்கள். தொலைபேசி நிறுவனங்களும் தொலைக்காட்சி வழங்க வந்துவிட்டன, போட்டி வளர்ந்தால் மக்களுக்கு நன்மை என்பது சொல்லப்பட்ட காரணம். ஐந்து விழுக்காட்டுக் கட்டணம் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது. நகரம் நிறுவனத்தோடு நேருக்கு நேர் அமர்ந்து, படப்பிடிப்புக் கூடம் வேண்டும், பயிற்சி வேண்டும், இன்ன எண்ணில் இடம் வேண்டும் என்று பேரம் பேசும் வலிமைதான் போயிற்று.

ஏடி அண்ட் டி நிறுவனம் தன் புதிய சேவையில் இவ்வலைவரிசைகள் அனைத்தையும் 99 என்ற ஒரே எண்ணுக்குள் அடைத்தது. அந்த எண்ணுக்குச் சென்றால் ஒரு பட்டியல் வரும். அதில் ஊரைத் தேர்ந்து, பிறகு அலைவரிசையைத் தேர்ந்து, காத்திருந்து பார்க்க வேண்டும். மற்ற அலைவரிசைகளைப்போல் பதிவுசெய்து வைத்துப் பார்க்க இயலவில்லை என்றும், காது கேளாதோருக்கான எழுத்துரை வரவில்லை என்றும் நகரங்கள் முறையிட்டன. 2009-இல் இது கூட்டரசு ஆணையத்திடம் மனுவாகச் சென்றது.

காம்காஸ்ட் மாற்ற நினைத்த எண்களுக்கும் இந்த 99-க்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. எவருடைய பேச்சும் தடுக்கப்படவில்லை. நகரமன்ற உறுப்பினர் பேசலாம். பள்ளி மாணவி கவிதை வாசிக்கலாம். இமாம் தம் மார்க்கத்தை விளக்கலாம். தணிக்கை இல்லை. ஆனால் அவர்கள் பேசுவதைத் தற்செயலாக எவரும் கேட்டுவிட முடியாது. ஆறாம் எண்ணிலிருந்து பத்தாம் எண்ணுக்குப் போகிறவர் எட்டாம் எண்ணில் ஒரு கணம் நிற்கிறார், அங்கே தம் தெருவைக் காண்கிறார், நின்று பார்க்கிறார். தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் உள்ளதைக் காண, அது இருக்கிறதென்று முன்பே அறிந்திருக்க வேண்டும். காண வேண்டுமென்ற விருப்பமும் இருக்க வேண்டும். திறந்த வழியாக இருந்தது முட்டுச்சந்தாகிவிட்டது. சந்துக்குள் வீடு வைத்திருப்பவர் மட்டுமே இனி அதில் நடப்பார்.

ஒரு சிறுபான்மைச் சமுதாயத்துக்கு இந்த வேறுபாடு உயிர்நாடியானது. பெரும்பான்மையோர் எங்கே பேசினாலும் அவர்களுக்குச் செவி உண்டு. சிறுபான்மையினர் பிறர் காதில் விழும் தூரத்தில் நின்று பேச ஓரிடம் வேண்டும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மஸ்ஜிதுகளும் இஸ்லாமிய அமைப்புகளும் இவ்வலைவரிசைகளில் நேரம் பெற்று நிகழ்ச்சி நடத்தியது, பெரிய தொலைக்காட்சிகளின் வாசல் தங்களுக்குத் திறக்காது என்பதை அறிந்ததால்தான்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் திறந்த வழியில் எல்லோரும் வருவர். வெள்ளை இனவெறியர்கள் 1980-களில் இதே அலைவரிசைகளைப் பயன்படுத்தி ஊர் ஊராகத் தங்கள் நஞ்சைப் பரப்பினார்கள். 1988-இல் கன்சாஸ் நகர மன்றம், கூ கிளக்ஸ் கிளான் நிகழ்ச்சி வருவதைத் தடுப்பதற்காகப் பொதுமக்கள் அலைவரிசையையே மூடிவிட முடிவுசெய்தது. வழக்கு நடந்தது, மறு ஆண்டு அலைவரிசை மீண்டும் திறக்கப்பட்டது. வெறுப்புக்குப் பதில் கதவடைப்பதா, பதில் பேசுவதா என்ற இக்கேள்வி இன்று முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புரை பெருகியுள்ள சூழலில் நமக்கு ஏட்டுப் பிரச்சினையாக இல்லை. கதவடைக்கும் அதிகாரத்தை ஓர் அரசிடம் கொடுத்தால், அந்த அதிகாரம் முதலில் யார்மீது பாயும் என்பதை எண்ணிப் பார்த்தே விடை சொல்ல வேண்டும்.

2019-இல் இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. மன்ஹாட்டன் பொது அலைவரிசையை நடத்தும் அமைப்பு, தன்னைக் குறைகூறும் படமொன்றைத் தந்த தயாரிப்பாளர்களை விலக்கிவைத்தது தொடர்பான வழக்கில், அவ்வமைப்பு தனியார் அமைப்பே. அரசைக் கட்டுப்படுத்தும் பேச்சுரிமை விதி அதைக் கட்டுப்படுத்தாது என்று ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் கூட்டரசு ஆணையம், பொருளாகவும் சேவையாகவும் நகரம் பெறுவனவற்றை அந்த ஐந்து விழுக்காட்டுக்குள்ளேயே கணக்கிடலாம் என்று ஆணையிட்டது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் கடுமையை ஓரளவு குறைத்தது. இதற்கிடையே மக்கள் கேபிளையே விட்டு இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கட்டணம் கேபிள் தொலைக்காட்சி வருமானத்தின் மீதானது. அதே கம்பியில் ஓடும் இணைய வருமானத்தின் மீதானது அன்று. எனவே, நின்றது என்று சொன்ன பணமும் இன்று கரைந்துகொண்டிருக்கிறது. வழியை விட்டுப் பணத்தைப் பிடித்தவருக்கு முடிவில் இரண்டும் நிலைக்கவில்லை.

நம் ஊர் அலைவரிசை

தமிழகத்தின் கதை வேறு. இங்கே எந்தச் சட்டமும் ஊராருக்கு அலைவரிசை தரவில்லை. ஆயினும் ஊர்தோறும் அலைவரிசை இருந்தது. 1991-க்குப் பிறகு விண்கோள் வழித் தொலைக்காட்சி பரவியபோது, மொட்டைமாடியில் டிஷ் வைத்து வீடுவீடாகக் கம்பி இழுத்த ஆபரேட்டர்கள், மீந்திருந்த ஓர் எண்ணில் தங்கள் சொந்த அலைவரிசையை ஓட்டினார்கள். ஒரு வீடியோ பிளேயரும் ஒரு மாடுலேட்டரும் போதும். பகலில் திரைப்படம், இடையிடையே ஜவுளிக்கடை விளம்பரம், திருமண வாழ்த்து, காணாமற்போனோர் அறிவிப்பு, விழாக்காலத்தில் தேரோட்டம். இவ்வளவுதான் 'லோக்கல் சேனல்'.

முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்களில் இதற்கு ஒரு தனி முகம் வாய்த்தது. வளைகுடாவிலிருந்து வந்த வீடியோ பிளேயரும் கேமராவும் அவ்வூர்களில் முன்பே இருந்தன. ரமளான் வந்துவிட்டால் ஸஹர் நேர உரை, நோன்பு திறக்கும் நேர அறிவிப்பு, இரவில் பயான், மீலாது, மதரஸா பட்டமளிப்பு, பள்ளிகளில் நடக்கும் மஜ்லிஸ், ஜனாஸா அறிவிப்பு. பள்ளிவாசலுக்கு வர இயலாத முதியோரும், அங்கே இடமே ஒதுக்கப்படாத பெண்களும் வீட்டிலிருந்தபடியே உலமாக்களின் உரையைக் கேட்டது அநேகமாக இவ்வழியில்தான். இந்தப் பயனை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும்.

ஆனால் இந்த இடம் உரிமையாக வந்ததன்று. ஆபரேட்டரின் தயவாக வந்தது. அமெரிக்க நகரம் தன் தெருவுக்கு ஈடாக அலைவரிசையைக் கேட்டுப் பெற்றது. நம் ஊராட்சியோ பேரூராட்சியோ தன் தெருவின் மேல் ஓடும் கம்பிக்கு ஈடாக எதையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்ற நினைவும் எவருக்கும் எழவில்லை. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைக்கற்றை பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்றது. அரசின் குரலுக்கு இடம் உறுதியாயிற்று. ஊராரின் குரலுக்கு அச்சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

தயவாக வந்தது, தொழில்நுட்பம் மாறியதும் போயிற்று. டிஜிட்டல் மாற்றம் 2012-இல் பெருநகரங்களில் தொடங்கி 2017-க்குள் நாடெங்கும் விரிக்கப்பட்டது. தமிழகத்தில் 2007-இல் உருவாகி, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு புத்துயிர் பெற்ற அரசு கேபிள் நிறுவனம் 2017-இல் டிஜிட்டல் உரிமம் பெற்று செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது. மறைகுறியிடப்பட்ட ஒளிபரப்பு தொலைவிலுள்ள தலைமை நிலையத்திலிருந்து வருவதால், ஊர் ஆபரேட்டர் தன் மேசையிலிருந்து நினைத்தவுடன் ஒரு நிகழ்ச்சியைச் செருக முடியாமற்போனது. மேலேயுள்ள பெருநிறுவனம் இடம் தந்தால்தான் உண்டு. எண் மாறியது, சில ஊர்களில் எண்ணே இல்லாமற்போனது. டியர்போர்ன் நீதிமன்றம் சென்றது. நம் ஊர்களில் ஆபரேட்டர் கடைக்குச் சென்று, "பயான் எந்த நம்பரில் வருகிறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

2022 நவம்பர் 30 அன்று ஒன்றிய அரசு இதற்கென நெறிமுறைகளை வெளியிட்டது. 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்ற பெயரில் இந்த அலைவரிசைகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ரூபாய் செலுத்திப் பதிவுசெய்ய வேண்டும். நிறுவனம் சுமக்கும் மொத்த அலைவரிசைகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படக் கூடாது. மாவட்டத்துக்கு மேலும் இரண்டு அனுமதிக்கப்படும். உள்ளூர்ச் செய்தி தருவதானால் கம்பெனியாகப் பதிவுபெற்றிருக்க வேண்டும். வரிசையில் இவையெல்லாம் ஓரிடத்தில் ஒன்றாக வைக்கப்பட வேண்டும். ஒரு நிறுவனத்தின் நிகழ்ச்சியை மற்றொன்று பகிரலாகாது, ஆனால் வழிபாட்டுத் தலங்களிலிருந்து வரும் நேரலைக்கு விலக்கு உண்டு. ஒழுங்கு வந்தது நல்லதே. ஆனால் இந்நெறிமுறைகள் முழுவதிலும் பேசப்படுவது ஆபரேட்டரின் உரிமை. ஊராருக்கு அதில் நேரம் கேட்கும் உரிமை உண்டா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

நம்மீதே ஒரு விமரிசனம்

குற்றத்தைச் சட்டத்தின் மீதும் நிறுவனத்தின் மீதும் சுமத்திவிட்டு எழுந்துவிடலாம். அது நேர்மையாகாது. கையிலிருந்த காலத்தில் அந்த அலைவரிசையை நாம் என்ன செய்தோம்?

பெரும்பாலும் மிம்பரை அதில் ஏற்றினோம். ஒருவர் பேச மற்றவர் கேட்பது என்ற ஒரே வடிவம். ஃபோகோ தீவில் மக்கள் ஒருவரை ஒருவர் கேட்டார்கள் என்பதே அம்முயற்சியின் சாரம். நம் ஊர் அலைவரிசையில் மீனவர் பேசியதில்லை. பீடி சுற்றும் பெண் பேசியதில்லை. வளைகுடாவில் கணவனைப் பிரிந்து இருபதாண்டு வாழ்ந்தவள் தன் வாழ்வைச் சொன்னதில்லை. பேரூராட்சிக் கூட்டத்தில் குடிநீரைப் பற்றி என்ன முடிவெடுத்தார்கள் என்பதை எவரும் ஒளிபரப்பவில்லை. ஜமாஅத்தின் வரவு செலவை, வக்ஃபு நிலத்தின் குத்தகைக் கணக்கை மக்கள் முன் வைப்பதற்கு இதைவிடச் சிறந்த கருவி இருந்திருக்குமா? அதற்கு அது ஒரு நாளும் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

இயக்கங்களிடையே மோதல் முற்றிய ஆண்டுகளில், பல ஊர்களில் இந்த அலைவரிசை வாதப் பிரதிவாத மேடையாக மாறியது. இவருக்கு நேரம் கொடுத்தால் அவர் சண்டைக்கு வருவார். இருவருக்கும் கொடுத்தால் ஊர் இரண்டுபடும். இதனால் மார்க்க நிகழ்ச்சியையே நிறுத்திக்கொண்ட ஆபரேட்டர்களை நாம் குறை சொல்ல முடியாது. கருத்து வேறுபாட்டை நம் இமாம்கள் எத்துணை அதபோடு கையாண்டார்கள் என்பதை மேடைதோறும் சொல்லிவிட்டு, ஒரு மணி நேர ஒளிபரப்பைப் பங்கிடத் தெரியாமல் நின்றோம்.

இன்னொன்று, நுட்பமானது. அதே கம்பியில் நம் அண்டை வீட்டு இந்துவும் கிறிஸ்தவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நாம் எண்ணவேயில்லை. பேச்சின் மொழி, எடுத்துக்காட்டு, நகைச்சுவை யாவும் உள்வட்டத்துக்கே உரியவை. திறந்த வழியில் வீடு வைத்திருந்தும், அதை முட்டுச்சந்தாக நினைத்தே வாழ்ந்திருக்கிறோம். டியர்போர்னில் ஒரு நிறுவனம் செய்ய முயன்றதை நாமே நமக்குச் செய்துகொண்டோம்.

இனி நடக்க வேண்டிய வழி

இப்போது யூடியூபும் முகநூல் நேரலையும் வந்துவிட்டன, இனி ஊர் அலைவரிசைக்கு என்ன தேவை என்று கேட்போர் உண்டு. ஜித்தாவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் மகன், ஊர்ப் பள்ளியின் ஜும்ஆ உரையை அங்கிருந்தே கேட்கிறான். இது பெரிய நன்மை, ஐயமில்லை. ஆனால் அதே உரை அடுத்த தெரு மனிதருக்குச் செல்கிறதா? அவர் முன்பு எதைப் பார்த்தாரோ அதையே மேலும் மேலும் அவர்முன் வைக்கும் கணக்கு அங்கே வேலை செய்கிறது. தேடிவருவோர் மட்டுமே நுழையும் சந்து அது. உலகளவு நீளமானது, ஆயினும் சந்துதான். அதன் உரிமையாளர் எந்தத் தெருவிலும் இல்லை. ஒருநாள் வாசலை மூடினால் எந்த ஊரின் நீதிமன்றத்தில் முறையிடுவது?

எனவே இணையத்தைக் கைவிடாமலே, தெருவின் உரிமையையும் கேட்டுப் பெற வேண்டும். நெறிமுறைகள் மாவட்டத்துக்கு இரண்டு கூடுதல் இடங்களுக்கு வழிசெய்துள்ளன. அவற்றில் ஊராருக்கு நேரம் ஒதுக்குவதை விதியாக்கும்படி எல்லாச் சமயத்தாரோடும் சேர்ந்து கோரலாம். முஸ்லிம்களுக்கென்று மட்டும் கேட்டால் அது சலுகை. ஊருக்கென்று கேட்டால் அது உரிமை. உள்ளாட்சிக் கூட்டங்கள் ஒளிபரப்பாக வேண்டும் என்ற கோரிக்கையை முதலில் வைப்பது நம் ஜமாஅத்துகளாக இருந்தால் அதைவிடச் சிறந்த தஃவா வேறென்ன? மத்ரசா மாணவர்களுக்குக் கேமராவும் படத்தொகுப்பும் கற்பிக்கலாம். பழைய ஆபரேட்டர்களின் அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் ஒளிநாடாக்களை அழியுமுன் எடுத்துப் பதிவுசெய்யலாம். மறைந்த ஆலிம்களின் குரலும், இன்றில்லாத தெருக்களின் தோற்றமும் அவற்றில்தான் இருக்கின்றன.

மின்ஹாஜின் அந்தப் பகுதியை ஓதிய மாணவர் தலைமுறைகள் நம் கடற்கரையில் பல. முகப்பு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று உஸ்தாது கேட்டால், ஒட்டகத்தின் மேலுள்ள அம்பாரி இடிபடாத உயரத்தில் என்று அவர்கள் தயங்காமல் சொல்லியிருப்பார்கள். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது தலைக்கு மேல் கேபிள் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் நடப்பவருக்கும் அதில் ஓர் உரிமை உண்டு என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இனியேனும் சொல்ல வேண்டும்.